மீன்தொட்டி அடிமண்ணின் ஆழமும் இரு விரல் கோட்பாடும்: திருவனந்தபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

அடிமண் என்பது அடியில் இருக்கும் மண் ஆகும். மீன்தொட்டி என்பது மீன் இருக்கும் தொட்டி ஆகும். மனிதன் தோன்றிய காலந்தொட்டே மண் இருந்து வந்துள்ளது. எனினும் செடி வைத்த நன்னீர்த் தொட்டியில் அதை எத்தனை சென்டிமீட்டர் போடுவது என்பது குறித்து விரிவான ஆய்வு எதுவும் தமிழில் நிகழ்த்தப்படவில்லை என்பது வருந்தத்தக்கது. அக்குறையைப் போக்க இக்கட்டுரை முனைகிறது.

இந்த நடை எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், தொழில் தந்தது. ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பவன் நான். நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் மின்னஞ்சலில் வந்து விழும். 'மேற்கோள்' 'மேற்க்கோள்' ஆகாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறேன். கரமனையில் மாடி வீடு, வாடகை. 'வாழ்வியல் விழுமியங்கள்' என்ற தொடரை ஒரு நாளில் நாற்பது முறை படிக்கிற ஆளுக்குக் கண்ணை வைக்கப் பச்சையாக ஏதாவது வேண்டும். இரண்டடிக்கு ஓரடி அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதற்குள்ளும் கோட்பாட்டாளர்கள் இருக்கிறார்கள்.

ஆய்வெல்லை

இவ்வாய்வு அடியோடு நின்றுவிடுகிறது. தண்ணீரும் மீனும் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

கருதுகோள்

வழக்கம்போல ஆய்வு முடிந்த பின் எழுதப்பட்டது.

அணுகுமுறையும் சான்றுகளும்

விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை, பகுப்புமுறை, தேவைப்பட்ட இடத்தில் கெஞ்சுமுறை ஆகியன கையாளப்பட்டுள்ளன. முதன்மை ஆதாரம்: தொட்டி. துணைமை ஆதாரம்: மாமியார்.

சொல்லாராய்ச்சி

கடைக்காரர்கள் இதை 'சப்ஸ்ட்ரேட்' என்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் 'மண்ணு' என்கிறார்கள். விலை சொல்லும்போது முதல் சொல்லையும் பேரம் பேசும்போது இரண்டாவது சொல்லையும் பயன்படுத்துவது வழக்கு.

மணல் என்பதைப் பிரித்தால் மண் + அல். அதாவது மண் அல்லாதது. இதை மொழியியலாளர் எவரும் ஏற்கமாட்டார். ஆனால் நான் மெய்ப்புப் பார்த்த வேர்ச்சொல் ஆய்வுகளின் பக்கத்தில் வைத்தால் இது மிக அடக்கமான ஊகம். இதில் சுமேரியா வரவில்லை. போதாக்குறைக்கு விஷயமும் சரியாக வருகிறது. மண்ணில் ஊட்டம் உண்டு, தண்ணீரைக் கலக்கும். மணலில் ஊட்டம் இல்லை, கலக்காது. தொட்டிச் செடி வளர்ப்பவர்களின் சண்டை முழுக்க அந்த 'அல்'லுக்குள் அடக்கம். மலையாளத்திலும் மணல் மணல்தான். ஆகவே ஒப்பிலக்கணப் பகுதி இவ்வரியுடன் நிறைவுறுகிறது.

முன்னாய்வுகள்

டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்க அம்மையார் 1999இல் எழுதிய நூலில் தோட்டத்து மண் ஓர் அங்குலம், அதன்மேல் சரளையோ மணலோ ஓர் அங்குலம் என்ற முறையைச் சொன்னார். கூட்டினால் ஐந்து சென்டிமீட்டர். காசு அதிகம் ஆகாத முறை. அதனாலேயே கடைகளில் அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை.

ஜப்பானின் நிகாட்டாக்காரர் தகாஷி அமானோ (1954–2015) சரிவுக் கொள்கையின் மூலவர். முன்கண்ணாடி ஓரம் மூன்று நான்கு சென்டிமீட்டர், பின்னால் போகப்போகப் பத்து, அதற்கும் மேல். அப்படிச் சரித்தால் ஓரடி அகலத் தொட்டி ஒரு பள்ளத்தாக்கு மாதிரி தெரியும். சாகும் ஆண்டில் லிஸ்பனில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டி செய்து வைத்தார், 1,60,000 லிட்டர். அதன் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் உலகம் முழுக்க இரண்டடித் தொட்டிக்காரர்கள் கெட்டுப்போனார்கள்.

மூன்றாவதாக 1980களின் ஜெர்மானியர் இருவர்: காஸ்பார் ஹோர்ஸ்ட், ஹோர்ஸ்ட் கிப்பர். (இருவரில் 'ஹோர்ஸ்ட்' என்று மேற்கோள் காட்டினால் யாரைக் குறிக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது, முனைவர் பட்டத்துக்குப் போதும்.) இவர்கள் சொன்னது: சரளையின் கீழ் அடுக்கில் லேட்டரைட் கலக்க வேண்டும், அதிலுள்ள இரும்புச்சத்து வேருக்குப் போகும். உடனே அங்கே லேட்டரைட்டைப் பெட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். நாலாயிரம் மைலுக்கு மேல் தள்ளி நல்ல விலைக்குப் போயிற்று.

இந்த இடத்தில் ஆய்வாளன் சற்று எழுந்து நின்றுகொள்கிறான். லேட்டரைட் என்ற பெயரே கேரளத்தில் பிறந்தது. மலப்புறம் பக்கம் அங்காடிப்புறத்தில், வெட்டும்போது கத்திக்கு இணங்கி, காற்றுப் பட்டதும் இறுகிப்போகிற செந்நிறக் கல்லைப் பார்த்துவிட்டு, செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 1807இல் அந்தப் பெயரை உண்டாக்கியவர் பிரான்சிஸ் புக்கானன். ஊர்க்காரர்கள் அதற்கு ரொம்ப நாள் முன்பே வெட்டுக்கல் என்று பெயர் வைத்து வீடும் கட்டிக் குடியிருந்தார்கள். அதை முன்னாய்வாகக் கொள்வது மரபல்ல.

அந்தக் கல் எப்படி உண்டாகிறது என்று பேச 1979 டிசம்பரில் இதே திருவனந்தபுரத்தில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் நடந்தது. பன்னாடு என்றால் பல நாடு என்று பொருள் இருந்த காலம். இப்போது யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஜூமில் வந்து "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனால் பன்னாடு ஆகிவிடுகிறது. பேனர் மட்டும் அப்போதைவிடப் பெரிது.

என் வீட்டின் மேற்குச் சுவர் வெட்டுக்கல். அடுக்களைச் சன்னலுக்குக் கீழே பூச்சு பெயர்ந்து, சிவப்பாக, புழு அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. விரலால் உரசினால் மஞ்சளும் சிவப்பும் கலந்த பொடி நகக்கண்ணில் ஏறும். சோப்புப் போட்டாலும் இரண்டு நாள் போகாது. ஜெர்மானியன் பெட்டியில் வாங்கியதன்மேல் நான் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆய்வின் பொருட்டு மேற்படிச் சுவரிலிருந்து இரண்டு கரண்டி எடுக்கப்பட்டது. வீட்டுக்காரம்மாவுக்கு யாரும் இப்பத்தியை வாசித்துக் காட்ட வேண்டாம். இரும்பு அதில் நிறைய. ஆனால் மற்ற ஊட்டத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்கும் சக்தி குறைவு. களிமண் அதில் கெட்டிக்காரன். இதை அறியும்போது சுவரில் குழி விழுந்துவிட்டிருந்தது.

மண் வகைகள்

ஆற்றுமணல்: உத்தமம். ஆனால் 2001இல் கேரளம் ஆற்றங்கரையைக் காக்கவும் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்தவும் சட்டம் கொண்டுவந்தது. லாரிகளுக்காகப் போட்ட சட்டம் ஒரு வாளிக்கும் பொருந்துமா என்று கரமனையாற்றுப் படித்துறையில் நின்று யோசித்தேன். யோசிக்கும்போதே ஒருவர் மேலே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடல்மணல்: சங்குமுகத்தில் ஒரு கைப்பிடி எடுத்துவந்து சாஸரில் போட்டு, அடுக்களையிலிருந்த விநாகிரியை ஊற்றினால் சுர்ரென்று நுரைக்கும். சிப்பித் தூள் பேசுகிறது. அது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, தண்ணீரைக் கடினமாக்கும். இங்கே 1933 முதல் அருவிக்கரையிலிருந்து ஊருக்கு வருவது மலை மழைத் தண்ணீர், மென்மையானது. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தெற்கே எங்கள் ஊர்ப்பக்கம் மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணல் பார்க்க அழகு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதில் தோரியம் உண்டு. மீனுக்குப் பின்னணி வெளிச்சம் வேண்டும் என்றால் பல்பு மலிவு.

வண்ணச் சரளை: இல்லை.

எம் சாண்ட்: கருங்கல்லை உடைத்துச் செய்வது. ரசாயனத்தில் சாது, தண்ணீரை ஒன்றும் செய்யாது. மூலையில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு அரைச் சாக்கு வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் வைத்துக் கழுவினேன். முதல் வாளித் தண்ணீர் பால். இரண்டாவது வாளி மோர். ஏழாவது வாளியில் நீராகாரம். உள்ளங்கையை வாளி அடிவரை விட்டுச் சுழற்றி, மணல் கீழே இறங்கும் அந்த மூன்று நொடிக்குள் மேல்தண்ணீரைச் சாய்க்க வேண்டும். தாமதித்தால் தூசியும் சேர்ந்து இறங்கிவிடும். பதினான்காவது வாளியில் கை தெரிந்தது. விரல் நுனியெல்லாம் ரத்தம் கட்டினாற்போல் சிவந்திருந்தது. ஆற்றுமணல் உருண்டது, இது கூர்மை. மாடியில் துணி காயப்போட வந்த வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சோறு வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். இக்கேள்வி இவ்வாய்வின் மையச் சிக்கலைத் தொடுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரு விரல் சிக்கல்

தொட்டி வாங்கிய அன்று, சாலைத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மீன் கடையில், "அடியில எவ்வளவு போடணும்?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு பாலித்தீன் பையில் காற்றடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "ரெண்டு விரல் மதி, சாரே. கூடுதல் இட்டால் சீயும்."

இதுவே மூலபாடம். சுருக்கத்தில் சூத்திரத்துக்கு நிகர். உரையாசிரியன் இல்லாமல் நிற்காது.

இரண்டு விரல் என்றால் எது? விரலின் அகலமா, நீளமா? படுத்த விரலா, நின்ற விரலா?

முதலாவது, கிடைநிலைக் கொள்கை. விரல்களைப் படுக்கவைத்து அகலம் பார்ப்பது. தமிழில் விரற்கடை என்று சொல்லே இருப்பதால் இதற்குச் சொல்வலு அதிகம். என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து 3.6 செ.மீ. ஸ்கேல் பிடித்தது மகன். அவன் அளந்ததில் அவனுடையது 2.7. ஆக ஒரே வீட்டில் இரண்டு மரபு.

இரண்டாவது, நிலைக்குத்துக் கொள்கை. விரலை நேராக மணலுக்குள் இறக்கி, ரேகைக் கோடு எண்ணுவது. இதற்கு அடுக்களைச் சான்று வலுவாக உண்டு. உலையில் அரிசி போட்டு, அரிசிக்கு மேல் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று விரல்கோட்டால் பார்ப்பது பல வீடுகளில் வழக்கம். என் மாமியார் வைக்கும் சோறு பொலபொலவென்று இருக்கும். அதன் ரகசியம் இந்த விரல்தான் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள் (மாமியார், மனைவி வழி, வாய்மொழி). இரண்டாம் ரேகை வரை என் விரல் 4.9 செ.மீ.

மூன்றாவது, தச்சுக் கொள்கை. இதைக் கொடுத்தவர் கதவு ஒட்டவந்த ஆசாரி. கேரளத்து ஆசாரிகளின் கோல் 24 விரல். ஒரு கோல் 72 செ.மீ.; ஆக ஒரு விரல் சரியாக 3 செ.மீ. இங்கே விரல் கையில் இருப்பதல்ல, கோலில் இருப்பது. இரண்டு விரல் 6 செ.மீ. யார் விரல் என்ற வம்பே இல்லை. மூன்றிலும் இதுதான் அறிவியல்பூர்வமானது என்பதால் கடைக்காரர் இதை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை.

நான்காவது, விரல்மேல் விரல் வைத்து நீளத்தைக் கூட்டும் தீவிரக் கொள்கை. 14.5 செ.மீ. ஆதரவாளர்: மகன் மட்டும். அதற்குள் ஒரு பொம்மை டைனோசரைப் புதைத்து வைக்கும் உள்நோக்கம் அவனுக்கு இருந்தது பின்னர் தெரியவந்தது.

இவை வெறும் சொற்போர் என்று நினைக்கக் கூடாது. என் தொட்டியின் அடி 60க்கு 30 செ.மீ. ஒவ்வொரு சென்டிமீட்டர் மணலும் 1.8 லிட்டர், கிட்டத்தட்ட மூன்று கிலோ. கிடைநிலைக்கும் தச்சுக்கும் இடையே 2.4 செ.மீ. வேறுபாடு, ஏழு கிலோ. மாடிப்படியில் அந்த ஏழு கிலோவைத் தூக்கிப் பார்க்காதவர்களுக்குப் பொருள்கோளியல் பற்றிப் பேச உரிமை இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கடைக்காரரிடமே போய்க் கேட்டால் என்ன? நான் படித்த ஆய்வேடுகள் எதிலும் இப்படி ஒரு நெறி கையாளப்படவில்லை. படைப்பாளி இறந்துவிட்டான் என்று ரோலான் பார்த் 1967இல் எழுதினார். எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இன்னும் துட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் படைப்பாளியோ உயிரோடு இருக்கிறார். ஒன்றரைக்குச் சாப்பிடப் போவார், மூன்று மணிக்குக் கடை திறப்பார்.

போனேன். "அன்னைக்கு ரெண்டு விரல்னு சொன்னீங்களே, அது படுத்த விரலா, நின்ன விரலா?" என்று கேட்டேன். அவர் ஒரு கப்பி மீனை வலையில் துரத்திக்கொண்டிருந்தார். "ரெண்டோ மூணோ விரல், சாரே. இதிலெந்தா இத்ற ஆலோசிக்கான்?"

ரெண்டோ மூணோ! பாடபேதம். முதல் பாடத்தில் 'ரெண்டு', இரண்டாம் பாடத்தில் 'ரெண்டோ மூணோ'. ஐயப்பொருள் தரும் ஓகாரம் இரண்டிடத்தில் வந்து நிற்கிறது. பிற்காலத்தார் செருகியது என்று தள்ளவும் வழியில்லை. இரண்டையும் ஒரே வாய் சொல்லியிருக்கிறது. வையாபுரிப் பிள்ளை இதே ஊரில், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில், தமிழ்த் துறைக்குத் தலைமை வகித்தவர். ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தவர். நூல்களின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளினார் என்று செத்த பிறகும் திட்டு வாங்குகிறவர். அவர் கையில் கிடைத்திருந்தால் 'ரெண்டு' என்பதைப் பழம்பாடமாக வைத்து, மற்றதை அடிக்குறிப்பில் போட்டிருப்பார் என்று தைரியமாகச் சொல்லலாம். தமிழ்ப் பெருமைக்காரர்கள் கையில் கிடைத்திருந்தால் இருபது விரல் ஆகியிருக்கும்.

'கூடுதல் இட்டால் சீயும்' என்ற பின்னடியில் பாடபேதம் இல்லை, அறிவியலும் பிசகவில்லை. நுண்ணிய மணல் ஆழமாகக் கிடந்தால் அடியில் பிராணவாயு போய்ச் சேராது. அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் குடியேறும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மணலில் கருந்திட்டு. ஈர்க்கால் குத்தினால் குமிழி வந்து, அழுகல் முட்டை வாடை அடிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு. செடி வேர் நன்றாக ஓடியிருந்தால் வேரே கொஞ்சம் பிராணவாயுவைக் கசியவிட்டுச் சமாளிக்கும். ஆகவே செடி நட்ட இடத்தில் ஆழம் இருக்கலாம், வெறும் இடத்தில் ஆகாது. கருந்திட்டு வந்துவிட்டால் ஒரேயடியாகக் கிளறாமல் விடுவதே மேல் என்பது ஒரு சாரார் கட்சி. 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளைக் கணக்கெடுத்தபோது பி நிலவறையைத் திறக்காமலே விட்டார்கள். அடியில் ஒன்றைத் திறக்காமல் விடுவதன் அருமை இவ்வூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செடிகள்

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ்: இவற்றுக்கு ஆழம் பூஜ்யம், கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகும், கல்லில் கட்டிவிட்டால் போதும். ஆய்வாளனின் பிழைப்பைக் கெடுக்கும் செடிகள்.

வாலிஸ்நேரியா: எதில் வைத்தாலும் வளரும்.

கிரிப்டோகோரைன்: இதற்குத்தான் ஐந்தும் ஆறும். வேர் ஓடும். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு ஒரே வாரத்தில் இலையெல்லாம் கூழாகிவிடும். வேர் உயிரோடு கிடந்து பிறகு துளிர்க்கும். இதன் சில வகைகள் கேரளத்து ஓடைகளிலேயே உண்டு. ஓடையில் அதற்கு யாரும் விரல் வைத்து அளந்ததாகத் தகவல் இல்லை.

அடுக்காய்வு

மகனின் டைனோசரைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியின் வடகிழக்கு மூலையில் 5க்கு 5 செ.மீ. அளவில் ஒரு குழி தோண்டப்பட்டது. கிடைத்தவை: மேலடுக்கில் (0–2 செ.மீ.) மீன் தீவனத் துணுக்கு, உதிர்ந்த இலை. நடுவடுக்கில் (2–4 செ.மீ.) காது கம்மலின் பின்பக்கத் திருகு ஒன்று, நத்தை ஓடு பதினொன்று. கீழடுக்கில் (4–7 செ.மீ.) சுவர்ப் பொடி, ஒரு ரப்பர் பேண்டு. டைனோசர் இல்லை.

காலக்கணிப்பு: கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரி கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று 2019இல் அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு வருஷம் சொச்சம். என் தொட்டியின் 7 செ.மீ.க்கு ஐம்பத்தோரு வருஷம். தொட்டி வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. எனவே தொட்டியின் பழைமை இதுவரை கருதப்பட்டதைவிட ஐம்பது ஆண்டு முன்னே செல்கிறது என்றும், அக்காலத்திலேயே இங்கே ரப்பர் பேண்டு போட்ட நாகரிகம் இருந்தது என்றும் கொள்ளலாம். இப்படிக் கணக்குப் போடக் கூடாது என்று தொல்லியல் படித்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சரி. ஆனால் இப்படிக் கணக்குப் போட்டவர்களின் கட்டுரைக்கு நான் ஒற்றெழுத்து திருத்தியிருக்கிறேன். (கம்மல் திருகு பற்றி: "காணாமப் போய் ஏழு மாசமாச்சு, நீங்க என்னைத்தான் திட்டினீங்க" — மனைவி, நேர்காணல், தொட்டியருகில், குரல் உயர்ந்த நிலையில், இக்கூற்று பின்னர் மூன்று முறை மறுபதிப்புக் கண்டது.)

சரிவும் நத்தையும்

கொள்கைகள் அனைத்தையும் சமரசப்படுத்தும் பொருட்டு அமானோவின் சரிவு மேற்கொள்ளப்பட்டது: முன்னால் கிடைநிலை இரு விரல், பின்னால் தச்சு இரு விரலும் அதற்குமேல் ஒரு சென்டிமீட்டரும். எல்லாக் கட்சிக்கும் இடம் கொடுத்த சர்வகட்சிச் சரிவு. நான்கு மாதம் கழித்து ஈர்க்கை விட்டு அளந்தேன். முன்னால் 5.1. பின்னால் 5.3.

குற்றவாளி இரவில் பிடிபட்டான் (நத்தை, களப்பணி, இரவு 11.40, மொபைல் டார்ச் வெளிச்சம், பார்வையாளர் மேல்துண்டோடு). மணலுக்குள் பகலெல்லாம் புதைந்து கிடந்து, ராத்திரி வெளியே வந்து, போகும் வழியெல்லாம் உழுகிற கூம்பு நத்தை. கடையில் இதற்கு 'மலேசியன் ட்ரம்பெட்' என்று பெயர். செடியோடு இலவசமாக வரும். துணை இல்லாமலே குட்டி போடும். ஒன்று வந்தால் மூன்று மாதத்தில் குடியரசு. மணலைக் கிளறி அடியில் கெட்டகாற்று சேராமல் பார்த்துக்கொள்ளும் என்பதால் இதை நல்லவன் பட்டியலில் வைக்கிறார்கள். ஆனால் மேட்டையும் பள்ளத்தையும் விட்டுவைக்காது.

மலேசியன் என்பது வியாபாரப் பெயர். 1774இல் டென்மார்க்கின் முல்லர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, கிடைத்த இடமாக எழுதியது சோழமண்டலக் கரை. ஆகவே இது நம்மாள். 1025இல் ராஜேந்திர சோழனின் படை கடாரம் போனபோது கப்பலின் குடிநீர்த் தொட்டியில் ஒட்டிக்கொண்டு போய், ஆயிரம் வருஷம் கழித்து மலேசியப் பாஸ்போர்ட்டோடு திரும்பியிருக்கலாம். சான்று இல்லை. சான்று இல்லாதது வாய்ப்பு இல்லாததற்குச் சான்று ஆகாது (இக்கட்டுரையாளர், இக்கட்டுரை, இவ்வரி, மேலும் காண்க: இக்கட்டுரையாளர், மேலது, இதே கருத்தை இக்கட்டுரையாளர் டீக்கடையிலும் வலியுறுத்தியுள்ளார், இரண்டு வடை, சாட்சி டீ மாஸ்டர், அவர் மறுக்கவில்லை, கேட்கவுமில்லை).

இணைப்பாக ஒரு செய்தி. கேரளத்து வெட்டுக்கல் பூமிக்கடியில், கிணற்று ஊற்றுகளில், கண் இல்லாத செந்நிறக் கெளுத்தி ஒன்று வாழ்கிறது. கோட்டயத்தில் கிடைத்ததை வைத்து 1950இல் ஹோராக்ளானிஸ் என்று பெயர் வைத்தார்கள். 2022இல் பாதாளத்தின் பெயராலேயே 'பதாலா' என்று ஒரு விலாங்கு போன்ற அயிரை இனமும் சேர்ந்தது. அவற்றைப் பொறுத்தவரை அடிமண் தலைக்கு மேலே இருக்கிறது. ஆழம் பற்றி அவற்றிடம் கருத்துக் கேட்கப்படவில்லை.

முடிவுரைக்கு முன் ஒரு திருத்தம்

ஆய்வு நிறைவுறும் தறுவாயில் துணைமை ஆதாரம் நாகர்கோவிலிலிருந்து மதியப் பாசஞ்சரில் வந்து இறங்கியது. நான் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஆள்காட்டி விரலை நட்டுக்குத்தலாக மணலில் இறக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ரேகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையைக் கீழே வைக்காமலே அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன மாப்ள செய்யிய?"

"ஆழம் பாக்கேன் அத்தை. நீங்க சோத்துக்குத் தண்ணி வைக்கியள்லா, வெரல் வச்சு? அதே கணக்கு."

"சோத்துக்கு எதுக்கு வெரலு?" என்றார் அவர். "நான் டம்ளர்லதான் அளப்பேன். ஒண்ணுக்கு ரெண்டரை. வெரல் வச்சு அளக்கது அவ அப்பாவோட அம்மால்லா. அந்த அம்மா வச்ச சோறு என்னைக்கும் கொழஞ்சுதான் இருக்கும்."

மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். மணலிலிருந்து விரலை உருவினேன். அந்தக் குழியில் ஒரு நத்தை இறங்கியது. நிலைக்குத்துக் கொள்கையை முழுவதும் மாற்றி எழுத வேண்டும்தான். ஆனால் ஆய்வேடு காலையிலேயே பைண்டிங்குக்குப் போய்விட்டது.